கத்தரிப்பூவுக்குக் குரோஷிய மொழியில் என்ன பெயர்

ஊரில் எல்லோருக்கும் சிவப்பு ஒன்றுதான். எனக்குப் பதினேழு. மிளகாய்ப்பழச் சிவப்பு, குங்குமச் சிவப்பு, செங்கல், அரக்கு, மாதுளை, தக்காளி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கத்தில் ஒரு மேட்சிங் சென்டரில் பத்தொன்பது வருஷமாக நிற்கிறேன். புடவையைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டால் அதற்கு ஒத்த ரவிக்கைத் துணி, லைனிங், ஃபால்ஸ், நூல்கண்டு எல்லாம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. கடையின் பின்பக்கம் ஒரு மிஷின் இருக்கிறது. ஃபால்ஸ் அடிப்பது, பெரிதாகப்போனதைப் பிடிப்பது, சின்னதாகப்போனதைப் பிரிப்பது எல்லாம் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஆடி மாதத்தில் நூறு பேர் முண்டியடித்துக்கொண்டு நின்றாலும் என் கை தப்பான துணிக்கட்டின்மேல் போகாது.

எங்கள் வேலையில் ஒரே ஒரு சட்டம்தான். ட்யூப் லைட்டை நம்பாதே. உள்ளே கறுப்பாகத் தெரிவது வெளியே கருநீலமாக இருக்கும், உள்ளே அரக்காக இருப்பது வெளியே காப்பிக்கொட்டையாகிவிடும். அதனால் புடவையையும் துணியையும் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வாசலுக்கு நடப்போம். வாங்க வந்தவர் பின்னாலேயே வருவார். ரோட்டில் போகிற ஆட்டோவும் சைக்கிளும் விலகிப் போக, நடுவெயிலில் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, "இது சரி" என்று சொன்ன பிறகுதான் கத்தரிக்கோல். ஒரு நாளைக்கு அறுபது எழுபது தடவை இந்த நடை. முதலாளியம்மாவை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் சொல்லுவார், என் செருப்பு தேய்ந்ததெல்லாம் கடைக்கும் வாசலுக்கும் நடுவில்தான் என்று.

இப்படியே இருந்தவளுக்குத் தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். வெளிநாட்டில் ஹோட்டல் வேலை, கட்டட வேலை, பெயிண்டர் என்று வரிசையாகப் போட்டிருந்தது. சாதாரணமாக அதில் பஜ்ஜி எண்ணெயை ஒற்றி எறிந்துவிடுவேன். அன்றைக்குக் கடைசி வரியில் கண் நின்றது. "குரோஷியா – ஆல்டரேஷன் கடை – பெண் ஒருவர் – நிறம், துணி அனுபவம் அவசியம்." யாரோ என்னை எதிரே நிற்க வைத்து அளவெடுத்து எழுதின மாதிரி இருந்தது.

குரோஷியா எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கால்பந்து விளையாடுகிறபோது சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட சட்டை போட்டுக்கொள்வார்கள் என்பது மட்டும் டீக்கடை டிவியில் பார்த்து ஞாபகம். ஒரு தேசமே கட்டம் போட்ட துணியை அடையாளமாக்கி வைத்திருந்தால் அங்கே எனக்கு வேலை இல்லாமலா போகும் என்று நினைத்தேன். அந்த நினைப்பே எனக்குச் சிரிப்பை மூட்டியது.

பெருங்களத்தூரில், ஜி.எஸ்.டி ரோட்டைப் பார்த்த மாதிரி, செல்போன் கடைக்கு மேல் மாடியில் ஏஜென்சி. அங்கிருந்த சார் முழுக்கைச் சட்டையில் நன்றாகத்தான் பேசினார். கடலோரத்தில் ஒரு சின்ன ஊர், ஒரு அம்மா தனியாக நடத்துகிற கடை, இரண்டு வருஷ ஒப்பந்தம், தங்க இடம் கடைக்கு மேலேயே. ஆனால் அந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான் வருமாம். அதனால் நிறங்களுக்கும் டிசைன்களுக்கும் அவர்கள் பாஷையில் வார்த்தை தெரிந்திருக்க வேண்டும். மூன்று வாரம் கழித்து வீடியோவில் துணியைத் தூக்கிக் காட்டிக் கேட்பார். ஒரே இடம், மூன்று பேர் போட்டி.

"மத்த ரெண்டு பேரும் எக்ஸ்போர்ட் கம்பெனில இருந்தவங்க, மேடம். யங்ஸ்டர்ஸ். உங்க ஏஜுக்கு லாங்வேஜ் கொஞ்சம் கஷ்டம். ட்ரை பண்ணுங்க, தப்பில்ல" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். நாற்பத்து மூன்று ஒரு வயசா? "சார், அந்த பேப்பரக் குடுங்க" என்று முப்பது வார்த்தைகள் அச்சடித்த தாளை அவர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

வீட்டுக்காரர் கால் டாக்சி ஓட்டுகிறார். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன். கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது.

"இன்னாத்துக்கும்மா? நம்ம பொண்ணு ஃபீஸுக்கா? அதான் கட்டிகினு வரேனே."

"அதுக்கில்ல."

"பின்ன இன்னா? இங்க இன்னா கொறையா கீது?"

குறை ஒன்றும் இல்லை. அதுதான் சொல்லத் தெரியவில்லை. நான் இரும்புலியூரில் பிறந்தவள், இரும்புலியூரிலேயே கட்டிக்கொடுக்கப்பட்டவள், இரும்புலியூரிலிருந்து தாம்பரத்துக்கு வேலைக்குப் போகிறவள். மகள் பிறந்தபிறகு வண்டலூரில் புலி பார்க்கப் போனதுதான் எனக்கு வெளியூர்ப் பயணம். மகளே இப்போது கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள். யார் யாருக்கோ பொருத்தம் பார்த்துப் பார்த்துக் கொடுத்த கண், இந்தத் தாம்பரத்து வெயில் தவிர வேறு வெயிலில் ஒரு துணியைப் பிடித்துப் பார்த்ததே இல்லை. "ஆசையா இருக்குங்க" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவர் நல்ல மனுஷன். கத்தவில்லை. "சரி, பரிட்ச எழுது. ஆனா பாஸாயிட்டன்னா உடனே தலைய ஆட்டிட்டு வந்துறாத. வூட்ல பேசிட்டு சொல்லலாம்" என்றார். சரி என்றேன். அவருக்கு உள்ளுக்குள் தைரியம், இவள் எங்கே பாஸாகப் போகிறாள் என்று.

மறுநாளே தொடங்கிவிட்டேன். மகள் கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டு, என் போனில் ஒரு ஆப் இறக்கச் சொன்னாள். அதில் ஒரு பெண்குரல் வார்த்தையைச் சொல்லும், நாம் திருப்பிச் சொல்ல வேண்டும், சரியாக இருந்தால் மணி அடிக்கும். முதல் வார்த்தை சிவப்பு. "ட்ஸ்ர்வெனா." அடேயப்பா! ட்ஸுக்கும் ர்வுக்கும் நடுவில் மூச்சுவிட ஒரு உயிரெழுத்து வேண்டாமா? நான் "டிசிர்வேனா" என்றேன், மணி அடிக்கவில்லை. "சர்வேனா" என்றேன், அடிக்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு "ட்ஸ், ட்ஸ், ட்ஸ்ர்" என்று நான் பண்ணுவதைப் பார்த்து, பக்கத்தில் நின்ற ஒருவர் பல்லி கத்துகிறது என்று நினைத்து மேலே பார்த்தார். இருபத்து மூன்றாவது தடவையோ என்னவோ மணி அடித்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் வந்த பஸ்ஸை விட்டுவிட்டேன்.

சிவப்பு வந்தபிறகு மற்றதெல்லாம் கடகடவென்று வந்தது. மஞ்சள் ஜூத்தா. பச்சை ஸெலெனா. நீலம் ப்ளாவா. வெள்ளை பியேலா. கறுப்பு ட்ஸ்ர்னா. சாம்பல் ஸீவா. இருட்டுக் கலராக இருந்தால் முன்னால் தாம்னோ போட்டுக்கொள்ள வேண்டும், வெளிர் கலராக இருந்தால் ஸ்வியெத்லோ. இந்த இரண்டும் கையில் கிடைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டே வார்த்தை, அலமாரியில் பாதி திறந்துவிட்டதே!

அதைவிடப் பெரிய குஷி ஒன்று அடுத்த வாரம் காத்திருந்தது. தாளில் ஊதாவுக்கு ல்யூபிச்சாஸ்தா என்று போட்டிருந்தது. இதென்ன இத்தனை நீளம் என்று கடையிலிருந்தே மகளுக்குப் போன் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அவள் தேடிப் பார்த்துவிட்டு, "அம்மா, ல்யூபிட்ஸான்னா ஒரு குட்டிப் பூவாம். அந்தப் பூ கலர்னு அர்த்தமாம்" என்றாள். நான் கடை என்றும் பாராமல் கத்திவிட்டேன். அட, இது நம்ம கத்தரிப்பூக் கலர்! அவர்களும் பூவைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். ரோஸுக்கு ரோஜாப்பூ. ஆரஞ்சுக்கு நாரான்ச்சாஸ்தா, நாரான்ச்சா என்றால் அந்தப் பழம்தான். நாரத்தங்காயை எவனோ கப்பலில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான் என்று எனக்குத் தோன்றியது. சரியோ தப்போ, அந்த வார்த்தை அதன்பிறகு மறக்கவே இல்லை.

டிசைனுக்கும் அப்படித்தான். புள்ளி போட்டதற்கு நா தோச்கிட்ஸெ. கோடு போட்டதற்கு நா ப்ரூகெ. சின்னக் கட்டத்துக்கு நா கோட்ஸ்கிட்ஸெ, அப்படியென்றால் குட்டிக் குட்டிக் கனசதுரமாம், தாயக்கட்டை மாதிரி. நாம் புளியங்கொட்டைக் கட்டம் என்கிறோம், அவர்கள் தாயக்கட்டைக் கட்டம் என்கிறார்கள். பல நிறம் கலந்து கிடந்தால் ஷாரெனா. அந்த வார்த்தையைச் சொல்லும்போதே வாயில் ஒரு கூடை பூவைக் கொட்டின மாதிரி இருந்தது. வேண்டுமென்றே பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன்.

கடையில் படிக்க நான் ஒரு வழி பண்ணினேன். நூல்கண்டு அடுக்கியிருக்கும் ஒவ்வொரு தட்டின் அடிப்பக்கத்திலும் தமிழ் எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டேன். நூல் எடுக்கக் குனிகிறபோது வார்த்தை கண்ணில் படும். ஒருவரிடமும் சொல்லவில்லை. நாலாம் நாள், வாடாமல்லிப் புடவையோடு ஒரு அம்மா அவசரப்படுத்தினார். கும்பலான கும்பல். மேலே பரணில் நின்று துணிக்கட்டு எடுத்துப் போடுகிற பெண்ணுக்குக் கேட்கிற மாதிரி நான் கத்தினேன்.

"ல்யூபிச்சாஸ்தா ஒரு மீட்டர் போடு!"

புடவைக்கார அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மா அது, புதுசா வந்த மில்லா? சாயம் போவுமா?"

"போகாதும்மா, ஃபாரின் கலர்" என்று சமாளித்தேன். ஆனால் அக்கா கல்லாவை விட்டு எழுந்துவிட்டார். நான் குனிந்து குனிந்து முணுமுணுத்ததைக் கவனித்திருப்பார் போலிருக்கிறது, நேராக வந்து நூல் தட்டை வெளியே இழுத்தார், தலைகீழாகக் கவிழ்த்தார், சீட்டைப் படித்தார். அடுத்த தட்டையும் இழுத்தார். வெள்ளை நூல்கண்டெல்லாம் தரையில் உருண்டு ஓடியது. இவரிடம் சொல்லாமல் செய்தது தப்பு என்று அப்போதுதான் உறைத்தது.

கும்பல் குறைந்ததும் கூப்பிட்டார். "எங்கயோ போகப் போற. அதானே?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உருண்டு கிடந்த நூல்கண்டுகளைப் பொறுக்கித் தட்டில் அடுக்கினார். நான் திட்டுக்குத் தயாராக நின்றேன். "நீ போயிட்டா எனக்கு யாரு இருக்கா, பேஜாராப் போயிடும்டி" என்றார். அப்புறம் ஒரு நூல்கண்டை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இது என்ன?"

"தாம்னோ ப்ளாவா."

"இது?"

"ஸ்வியெத்லோ... ஸ்வியெத்லோ ஸெலெனா."

"திக்காத. திக்கினா அந்தம்மா தெரியலன்னு நெனச்சுக்கும். மறுபடி சொல்லு."

அன்றிலிருந்து தினமும் கடை சாத்துவதற்கு முன் பத்து நிமிஷம் அக்கா எனக்கு வாத்தியார். அவருக்கு ஒரு வார்த்தையும் தெரியாது, சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்ப்பார். தப்பாகச் சொன்னால் ஸ்கேலால் மேஜையில் ஒரு தட்டு. பரணில் நிற்கும் பெண் அங்கிருந்தே "ஷாரெனா! ஷாரெனா!" என்று காட்டிக் கொடுக்கும். மூன்றாம் வார நடுவில் எங்கள் மூன்று பேருக்குமே முப்பதும் அத்துப்படி. எனக்கானால் அதற்கப்புறம் ஒரு நிறமும் நிறமாகத் தெரியவில்லை. சிக்னலில் சிவப்பு விழுந்தால் ட்ஸ்ர்வெனா. சாம்பாரில் கேரட்டைப் பார்த்தால் நாரான்ச்சாஸ்தா. மின்சார ரயில் வரும்போது அதன் பெட்டியில் இருக்கிற எல்லா நிறத்தையும் நிற்பதற்குள் சொல்லி முடிக்க வேண்டும் என்று எனக்கு நானே பந்தயம் கட்டிக்கொள்வேன். இந்த வயசில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ராத்திரி தூங்கும்போதும் சிரித்துக்கொண்டே தூங்கினேன். அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சனிக்கிழமையும் வந்தது. மத்தியானம் ஒன்றரை மணிக்கு வீடியோ. அவர்களுக்கு அது காலை பத்து மணியாம். அக்கா அரை நாள் லீவு கொடுத்து, மல்லிகைப்பூவும் வாங்கி வைத்து அனுப்பினார். வீட்டுக்காரர் சவாரி என்று பெருங்களத்தூரில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். "ஞாபகம் கீதுல்ல? பேசிட்டு சொல்லலாம்" என்று மட்டும் கண்ணாடியை இறக்கிச் சொன்னார்.

ஏஜென்சியில் மற்ற இரண்டு பெண்களும் முடித்துவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தார்கள். இருவருமே சின்னப் பெண்கள், இங்கிலீஷ் சரளமாக வருகிறது. "ஈசிதான் ஆன்ட்டி, பத்துத் துணி காட்டுவாங்க. எல்லாம் ஷீட்ல இருக்கறதுதான்" என்று ஒருத்தி எனக்குத் தைரியம் சொன்னாள். ஈசி என்றால் எல்லோருக்கும் ஈசிதானே, அப்புறம் என்னை எதற்கு எடுப்பார்கள்?

உள்ளே ஜன்னலே இல்லாத அறை. தலைக்குமேல் நீல வெளிச்சமாக ஒரு எல்இடி. மேஜையில் சாருடைய லேப்டாப். திரையில் அந்த அம்மா வந்தார். என்னைவிட ஐந்தாறு வயசு கூட இருக்கும். குட்டை முடி, கழுத்தில் அளவு டேப் தொங்குகிறது, மூக்கு நுனியில் கண்ணாடி. டேப்பைப் பார்த்ததும் பாதி பயம் போய்விட்டது. எங்கே போனாலும் நம்ம ஜாதி கழுத்தில் டேப்போடுதான் இருக்கும்!

முதல் துணி தூக்கினார். "ஜூத்தா" என்றேன். தலையாட்டினார். அடுத்தது நீலத்தில் வெள்ளைப் புள்ளி. "ப்ளாவா, நா தோச்கிட்ஸெ." அடுத்தது கட்டம். அடுத்தது பூப்போட்டது. அக்காவின் ஸ்கேல் காதில் தட்டிக்கொண்டே இருந்தது, திக்காமல் சொன்னேன். ஏழாவதாக ஒரு துணி, நம்ம அரக்கு. "தாம்னோ ட்ஸ்ர்வெனா" என்றேன். அவர் ஒரு விரலை ஆட்டிச் சிரித்தார். "த்ரூலா விஷ்ன்யா" என்றார். தாளில் அது இல்லை. நான் விழித்தேன். அவர் இங்கிலீஷில் ஏதோ சொல்ல, சார் சிரித்துவிட்டார்.

"அழுகிப் போன செர்ரிப் பழம்னு சொல்றாங்க மேடம். அந்தக் கலருக்கு அங்க அதான் பேராம்."

அழுகின பழம்! ஒரு நிறத்துக்கு! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "த்ரூலா விஷ்ன்யா! த்ரூலா விஷ்ன்யா!" என்று நான் கத்த, அந்த அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு அழுகல் வாடை மாதிரி நடித்துக் காட்டினார். "சார், எங்க கடையில மூக்குப்பொடி கலர், வெங்காயத்தோல் கலர் எல்லாம் இருக்குன்னு சொல்லுங்க" என்றேன். வெங்காயத்தோலுக்குச் சார் என்ன இங்கிலீஷ் போட்டாரோ, அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

கடைசித் துணியைத் தூக்கினார். கறுப்பு. நன்றாகவே கறுப்பு. வாய்க்குள் "ட்ஸ்" வந்துவிட்டது. ஆனால் கண் ஒத்துக்கொள்ளவில்லை. மடிப்பு விழுந்த இடத்தில் வேறு ஏதோ ஒரு சாயல். ட்யூப் லைட்டில் பார்த்த நிறத்துக்குப் பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட நான் கத்தரிக்கோல் போட்டதில்லை.

அடுத்து நான் செய்ததை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. நான் யோசித்துச் செய்யவில்லை, காலும் கையும் தானாகச் செய்தன. எழுந்தேன். லேப்டாப்பை இரண்டு கையிலும் ஏந்தினேன். வாசலுக்கு நடந்தேன். சார்ஜர் ஒயர் பிடுங்கிக்கொண்டு வந்தது, சாருடைய டீ கிளாஸ் கவிழ்ந்தது.

"மேடம்! மேடம்! எங்க போறீங்க?"

"வெளிச்சத்துல பாத்துட்டு சொல்றேன் சார்!"

அந்த இரண்டு பெண்களையும் தாண்டி, மாடி வராந்தாவுக்குப் போய், ஜி.எஸ்.டி ரோட்டு வெயிலில் லேப்டாப்பைச் சாய்த்துப் பிடித்தேன். கீழே தெற்கே போகிற பஸ்ஸெல்லாம் ஹாரன் அடிக்கிறது. திரையில் ஒன்றுமே தெரியவில்லை. என் மூஞ்சிதான் தெரிந்தது, மல்லிகைப்பூவோடு.

அப்போதுதான் புத்தி வந்தது. வெயில் இருந்தது பெருங்களத்தூரில், துணி இருந்தது குரோஷியாவில்.

பின்னாலிருந்து அந்தப் பெண்கள் சிரித்தார்கள். சிரிக்கத்தானே செய்வார்கள். சார் ஓடிவந்து லேப்டாப்பைப் பிடித்தார். "என்ன மேடம் இது, போச்சு, எல்லாம் போச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டார். மூன்று வாரப் படிப்பும் அந்த வராந்தாவில் விழுந்து உடைந்த மாதிரி இருந்தது. வராந்தா நிழலுக்குத் திரும்பித் திரையைப் பார்த்தேன், மன்னிப்புக் கேட்கலாம் என்று.

அந்த அம்மா நாற்காலியில் இல்லை.

படம் ஆடியது. அவருடைய கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு அவர் நடக்கிறார் என்று எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. ஒரு மிஷின் தாண்டிப் போனது, துணி தொங்கும் கம்பி தாண்டிப் போனது, ஒரு கதவு திறந்தது. பளீரென்று வெளிச்சம். கல் பாவின ஒரு சந்து, வெள்ளைச் சுவர். ஸ்கூட்டரில் வந்த ஒருத்தன் அவரைச் சுற்றிக்கொண்டு விலகிப் போனான். அவர் தெருவின் நடுவில் நின்று, துணியை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, தலையைச் சாய்த்தார். அப்படியே! என்னை மாதிரியே!

வெயிலில் அந்தத் துணி கறுப்பே இல்லை. குளத்துப் பாசிப் பச்சை. அதன்மேல் நூல் பருமனுக்குக் கறுப்புக் கோடு.

"தாம்னோ ஸெலெனா!" என்று நான் கத்தினேன். கீழே பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "நா ப்ரூகெ! ப்ரூகெ ட்ஸ்ர்னா!"

"தா! தா!" என்று அந்த அம்மா அங்கே தெருவில் நின்று கத்தினார். அவர்கள் ஊரில் அது ஆமாம். அப்புறம் இங்கிலீஷில் மடமடவென்று பேசினார். சார் கேட்கக் கேட்க முகம் மாறியது.

"முன்னாடி ரெண்டு பேரும் பிளாக்னுதான் சொன்னாங்களாம் மேடம். வெளியில போய்ப் பாக்கணும்னு யாருக்கும் தோணலயாம். அவங்க கடைலயும் டெய்லி இப்படித்தான் தெருவுக்கு ஓடுவாங்களாம்." சார் தொண்டையைச் செருமினார். "எப்ப வர்றீங்கன்னு கேக்குறாங்க."

எனக்குக் காதில் விழுந்தது. ஆனால் உடனே ஏறவில்லை. திரையில் அந்த அம்மா துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, பதிலுக்காக என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"வீட்ல கேட்டுட்டு சொல்றேன்னு சொல்லிடவா மேடம்? மண்டே வரைக்கும் டைம் கேக்கலாம்" என்றார் சார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். எங்கள் கடைக்கு வருகிற பெண்களில் பாதிப் பேர் அதைச் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். கை துணியை விடாது, கண் விடாது, வாய் மட்டும் "வீட்ல கேட்டுட்டு வரேன்" என்று சொல்லும். திரும்பி வருகிறவர்கள் ரொம்பக் கம்மி. நான் அந்தத் துணியை மடித்து அலமாரியில் திரும்ப வைப்பேன். எனக்கு அந்த மடிப்பு ஞாபகம் வந்தது.

"வேணாம் சார்" என்றேன். "வரேன்னு சொல்லுங்க. பேப்பர் ரெடியானதும் வரேன்னு சொல்லுங்க."

சார் சொன்னார். அந்த அம்மா அளவு டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துக் காற்றில் சுழற்றினார்.

கீழே இறங்கிப் பஸ் ஸ்டாப்பில் நின்று வீட்டுக்காரருக்குப் போன் பண்ணினேன். வேறு யார் பெயரையோ அழுத்தி, வெட்டிவிட்டு, மறுபடி அழுத்தினேன். சந்தோஷத்தில் பாதி, பயத்தில் பாதி.

"இன்னாச்சு?"

"எடுத்துட்டாங்க. நான் சரின்னுட்டேன்."

அந்தப் பக்கம் ஹாரன் சத்தம். எங்கேயோ வண்டியை ஓரம் கட்டினார். இஞ்சின் நின்றது.

"கேக்காமயே சொல்ட்டியா?"

"ஆமாங்க. கேக்காமயேதான்."

எனக்கு முன்னால் மூன்று பஸ் வந்து போனது. அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. கோபத்தில் கத்தினால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அங்க ரொம்ப குளுருமாமே" என்றார் கடைசியில். "நாளிக்கே ஸ்வெட்டர் வாங்கிரலாம். அது இன்னா கலரு எடுக்கலாம்னாவது என்னைய ஒரு வார்த்த கேப்பியா?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"கேக்க மாட்டேன்" என்றேன். "ஆனா கடைக்கு நீங்களும் வாங்க."